முள்ளம்பன்றிகள் பெற்ற வெள்ளப் பயிற்சி

ஓர் ஆற்றங்கரைக் காட்டில், வளை தோண்டி முள்ளம்பன்றிகள் குடியிருந்தன. விருந்தாளி எது சொன்னாலும் மறுத்துப் பேசக் கூடாது என்பது அவற்றின் வழக்கம். கேள்வி கேட்டால் வந்தவர் முகம் வாடிவிடுமாம். அதனால் யார் வந்து என்ன சொன்னாலும் முட்களைக் கலகலவென்று குலுக்கிப் பாராட்டும். பிறகு கிழங்கு கொடுத்து அனுப்பிவைக்கும்.

ஒருநாள் அங்கே ஒரு நாரை வந்தது. பல காடுகளை வெள்ளம் விழுங்கியதை நேரில் பார்த்த நாரை. அதற்கு உண்மையிலேயே நல்ல மனசு.

"அன்பர்களே! பருவநிலை மாறிவிட்டது! மழை இப்போதெல்லாம் மாதம் பார்த்து வருவதில்லை. நீங்கள் தயாராக இருக்க வேண்டும்!" என்றது.

முட்கள் கலகலத்தன.

"ஆற்றின் நடுவே தெரிகிறதே கறுப்புப் பாறை, அது மூழ்கியதும் இந்த மருத மரத்தடிக்கு ஓடி வாருங்கள். பிறகு மடமடவென்று உச்சிக்கு ஏறிவிடுங்கள்!"

இதே பாடத்தை நாரை அணில்களுக்கும் குரங்குகளுக்கும் நடத்தியிருந்தது. அங்கே நன்றாகப் பலித்தது. அதனால் முள்ளம்பன்றிகளின் கால்களை அது குனிந்து பார்க்கவில்லை.

மசணி என்ற தாய் முள்ளம்பன்றி மரத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்தது. அதற்கு இரண்டு குட்டிகள். பக்கத்திலிருந்த தலைவர் மூப்பனிடம் கிசுகிசுத்தது.

"மூப்பரே, நமக்குத்தான் மரம் ஏற வராதே!"

"சும்மா இரு! வந்தவரு மனசு நோகும்!"

"சந்தேகம் ஏதாவது உண்டா?" என்று கேட்டது நாரை.

"ஒண்ணுமில்லீங்க ஐயா! அருமையான பயிற்சிங்க!" என்றது மூப்பன்.

ஒத்திகையும் நடந்தது. முள்ளம்பன்றிகள் வரிசை குலையாமல் மரத்தடிவரை ஓடிவந்தன. அதைக் கண்டதுமே நாரைக்குத் தலைகால் புரியவில்லை. "போதும், போதும்! பிரமாதம்!" என்று அத்தோடு முடித்துவிட்டது.

சித்திரை வெயில் காலத்தில் ஒருநாள் மழை கொட்டியது. கறுப்புப் பாறை மூழ்கியது. எல்லா முள்ளம்பன்றிகளும் வரிசையாக ஓடிவந்து மரத்தடியில் நின்றன. பயிற்சி பலிக்கிறதா என்று பார்க்க வந்திருந்த நாரை மேலே கிளையில் இருந்தது.

"ஏறுங்கள்!"

"ஆகட்டுங்க ஐயா!"

ஒன்றும் ஏறவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது.

"அட, ஏறுங்கன்னு சொல்றேன்ல!"

"நல்லா சொன்னீங்க ஐயா!"

தண்ணீர் வயிற்றுக்கு வந்தது. மசணியின் குட்டிகள் தரை எட்டாமல் தத்தளித்தன. முதுகில் ஏற்றிக்கொள்ளலாம் என்றால், முதுகெல்லாம் முள். மசணிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"ஐயா! எங்களுக்கு மரம் ஏறவே வராது! மேடு எந்தப் பக்கம்னு பார்த்துச் சொல்லுங்க!"

நாரை திகைத்துப்போனது. "இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"அன்னைக்கே நீங்க எங்க காலைப் பார்த்திருக்கக் கூடாதா?"

நாரை விருட்டென்று எழும்பிப் பார்த்தது. "வடக்கே ஒரு பாறைக் கரடு இருக்கு! என் பின்னாலேயே வாங்க!" என்று தாழப் பறந்தது. முள்ளம்பன்றிகள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு பின்தொடர்ந்தன. மசணி குட்டிகளை மூக்கால் முட்டி முட்டிக் கரையேற்றியது.

மூப்பன் மட்டும் நகரவில்லை. "விருந்தாளிகிட்ட இப்படியா பேசுறது! நீங்க போங்க. நான் மன்னிப்புக் கேட்டுட்டு வர்றேன்!"

நாரை அதற்குள் கரட்டுக்குப் போய்விட்டது. மூப்பன் வெறும் கிளையைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தபோது வெள்ளம் அதை அடித்துச் சென்றது. எல்லோரிடமும் நல்ல பெயர் எடுத்த மூப்பன். கரட்டின் மேல் முள்ளம்பன்றிகள் அழுதன. நாரையும் அழுதது.

கேட்பவரின் காலைப் பாராமல் சொல்லும் யோசனையும், வராததை வராது என்று சொல்லாத மரியாதையும் ஆபத்தில் யாரையும் காப்பாற்றாது.