ஏட்டறைக்கு வந்த வெள்ளைச் சேலை

வேங்கைநாட்டு ராஜாவிடம் யானை இருந்தது, குதிரை இருந்தது, ஓலைச்சுவடி நிறைந்த ஒரு ஏட்டறையும் இருந்தது. யானையைப் பார்க்க ஊரே வரும். ஏட்டறைக்குப் பூச்சிதான் வரும். அதை விரட்டி ஏடுகளைக் காத்தவள் செம்பவளம்.

ஓலையில் எழுத்தாணியால் கீறினால் மட்டும் எழுத்து தெரியாது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்க்கணும். அப்போதுதான் எழுத்து கறுப்பாக எழுந்து நிற்கும். நாள் முழுக்க இதே வேலை. அதனால் அழுக்குத் தெரியாத கருஞ்சிவப்புச் சேலைதான் கட்டுவாள். தலை நிறையக் கனகாம்பரம். யார் வந்தாலும் வாய் நிறையப் பேச்சு.

அமைச்சர் வீரகேசரிக்கு அது பொறுக்கவில்லை.

"மன்னா, ஏடு காக்கிறவள் திருவிழாவுக்குப் போகிறவள் மாதிரி இருக்கலாமா? வெள்ளைச் சேலை கட்டணும். பூ கூடாது, சிரிப்பு கூடாது. யார் வந்தாலும் வாயில் விரல் வைக்கணும். பார்த்தாலே பயம் வர வேண்டாமா?"

"நீர் கடைசியாக ஏட்டறைக்கு எப்போது போனீர்?"

"நான் ஏன் போகணும் மன்னா? ஏடு காக்கிறவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று ஊருக்கே தெரியுமே!"

ராஜாவுக்குச் சாப்பிட்ட மயக்கம். தலையை ஆட்டிவிட்டார். வெள்ளைச் சேலையில் ஒரு பொட்டுக் கறை பட்டாலும், வாயைத் திறந்தாலும் வேலை போச்சு என்று கட்டளை வந்தது.

செம்பவளம் சபை விகடன் மருதையனிடம் ஓடினாள்.

"அண்ணே, என் புருஷன் கல்லுக்குண்டு மாதிரி வீட்டில் இருக்கிறார். எனக்கு எதுக்கு அண்ணே வெள்ளைச் சேலை? இந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது."

"கட்டளையை மீறாதே தங்கச்சி. கட்டிக்கோ. கறை படாமல் பார்த்துக்கோ."

"கறை படாமல் மை எப்படித் தேய்ப்பேன்?"

"மை தேய்க்கணும்னு கட்டளையில் இருக்கா?"

செம்பவளத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரிப்பும் கூடாதே!

ராஜாவின் பிறந்தநாளுக்கு முதல் நாள் அமைச்சர் ஒரு சுவடியோடு வந்தார். ராஜா மேல் வாழ்த்துப்பா. பாடினவர் யாரோ ஒரு ஏழைப் புலவர். பெயர் மட்டும் அமைச்சருடையது.

"மை தேய்த்து நாளைக் காலையில் சபைக்குக் கொண்டு வா."

செம்பவளம் வாயில் விரல் வைத்தாள்.

"ஆகா! இப்போதுதான் ஏட்டறை மாதிரி இருக்கிறது!" என்று மகிழ்ந்து போனார் அமைச்சர்.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. செம்பவளம் சுவடியை நீட்டினாள். அமைச்சர் கயிற்றை அவிழ்த்தார். முதல் ஓலையைப் பார்த்தார். வெறும் ஓலை. அடுத்ததைப் புரட்டினார். அதுவும் அப்படியே. சாய்த்துப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார். நெற்றியில் வியர்வை.

"என்ன அமைச்சரே, என்னைப் புகழ ஒரு வரிகூடவா இல்லை?" ராஜாவின் மீசை துடித்தது.

"மன்னா, இவள் மையே தேய்க்கவில்லை! கேளுங்கள் இவளை!"

செம்பவளம் கறை படாத வெள்ளைச் சேலையில், வாயில் விரலோடு நின்றாள்.

மருதையன் எழுந்தான்.

"மன்னா, அவளை ஏன் கேட்க வேண்டும்? அமைச்சர் போட்ட சட்டத்துக்கு அவள் மட்டுமா அடங்கினாள்? பாருங்கள், சுவடியும் வெள்ளை உடுத்திக்கொண்டு வாயை மூடிவிட்டது!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. "செம்பவளம், இனி உன் இஷ்டம் போல் உடுத்திக்கொள் அம்மா. ஏடுகளைப் பேச விடு!" என்றார்.