உலக்கைச் சத்தம் யாருடையது?

வெண்மணல்துறையில் ஒரு மார்கழி மாதம் கடும் பனி இறங்கியது. கரையில் நின்றவர்களுக்குக் கடல் தெரியவில்லை. நாகனின் தோணியில் இருந்த எட்டுப் பேருக்குக் கரை தெரியவில்லை. இரண்டு நாள் திசை தெரியாமல் அலைந்தார்கள். குடிநீர் தீர்ந்தது. மூன்றாம் நாள் விடியலில், பாறைகளில் அலை மோதும் இரைச்சல் அருகில் கேட்டது. எந்தப் பக்கம் திருப்புவது என்று ஆளாளுக்குக் கத்தினார்கள்.

தித்தன் என்ற மாலுமி மட்டும், "கொஞ்சம் சும்மா இருங்கள்" என்று சொல்லி மூச்சை அடக்கிக் காது கொடுத்தான். "உலக்கைச் சத்தம் கேட்கிறது. இடப்பக்கம். அங்கேதான் ஊர் இருக்கிறது."

தலைவன் நாகன் தன் கழுத்தில் கிடந்த ஒற்றை முத்தைப் பற்றிக்கொண்டான். "பிழைத்துக் கரை சேர்ந்தால், இந்தச் சத்தத்துக்கு உரியவருக்கே இந்த முத்து." சற்று நேரத்தில் எட்டுப் பேரும் மணலில் கால் வைத்தார்கள்.

அங்கே நெல் குத்திக்கொண்டிருந்தவள் கொற்றி. அன்று பௌத்த விகாரத்தில் ஊருக்கே கஞ்சி வார்க்கும் நாள். செய்தி கேட்டதும், "கை காய்த்துப்போகக் குத்தியது நான், சத்தம் என்னுடையது" என்றாள்.

"உரலைக் குடைந்தவன் நான். குழியை அத்தனை ஆழமாக எடுத்ததால்தான் அந்த முழக்கம்" என்றான் தச்சன் அழிசி.

"நான் கேட்டிராவிட்டால் இரண்டு பேரின் வேலையும் எங்களுக்கு எதற்கு ஆகியிருக்கும்?" என்றான் தித்தன்.

வழக்கு விகாரத்துக்குப் போனது. கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த பிக்குணி தருமசேனை அகப்பையோடு வெளியே வந்தாள். "அவரவர் சத்தத்தை அவரவரே தனியாக எனக்குக் காட்டுங்கள்."

கொற்றி வெறும் மணலில் குத்தினாள், சொத்தென்று அமுங்கியது. அழிசி உரலைக் கொண்டுவந்து வைத்தான். அது பேசாமல் நின்றது. தித்தன் காதைத் தீட்டிக்கொண்டு நெடுநேரம் காத்திருந்தான். கூட்டம் சிரித்த சிரிப்புதான் அவனுக்குக் கேட்டது. பிறகு கொற்றி உரலில் ஒரு குத்துக் குத்தினாள். தொம் என்று விகாரமே அதிர்ந்தது.

"இது இதுவரை எங்கே இருந்தது? உலக்கையிலா, உரலிலா, காதிலா?" என்று கேட்டாள் தருமசேனை.

நாகனால் சபதத்தை மீற முடியாது. முத்தை மூன்றாக உடைக்கவும் முடியாது. இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களே, நீங்கள் சொல்லுங்கள்: அந்தச் சத்தத்துக்கு உரியவர் யார்?

விடை: ஒருவரும் இல்லை. தனித்தனியே பிரித்துத் தேடினால் கிடைக்காத சத்தம், எல்லாம் கூடியபோது பிறந்தது. பௌத்தர்கள் சூனியம் என்பது இதைத்தான். "ஒன்றுமே இல்லை என்று பொருளல்ல, எட்டுப் பேர் கரையேறி நிற்கிறீர்களே" என்றாள் தருமசேனை. "ஒருவருக்கே சொந்தமாக இருந்திருந்தால் அது அவரோடு நின்றிருக்கும். கடல்வரை வந்திருக்காது." மூவரும் அதை ஏற்று, நாகன் பொதுவாகத் தந்த முத்தை விலையாகக் கொடுத்து, பனிக்காலத்தில் அடிக்க ஒரு பெரிய மணி வார்க்கச் சொன்னார்கள். முதன்முதலாக அது ஒலித்தபோது கொற்றி தலையைச் சாய்த்துக் கேட்டாள். "நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் உரல் அளவுக்கு வராது."

"நம் உரல்" என்றான் அழிசி.