வாசல் இல்லாத வரைபடம்

வெண்குன்றூரை ஆண்ட அதிரூப மகாராஜாவுக்கு ஒரு பழக்கம். நீட்டிய ஓலையில் எல்லாம் படிக்காமலே முத்திரை வைத்துவிடுவார். அவருடைய பிரதானி அகோரமூர்த்திக்கும் ஒரு பழக்கம். மகாராஜா சாப்பிட்டு எழுந்து கண் சொருகும் நேரம் பார்த்துத்தான் ஓலையை நீட்டுவார்.

அப்படி முத்திரை வாங்கிய ஓலைகளில் ஒன்று, பொருட்காட்சி மைதானத்தின் வரைபடம்.

கடம்ப நாட்டு மன்னர் புதிதாக ஒரு துறைமுகப் பட்டணம் கட்டியிருந்தார். அங்கே விற்க என்னென்ன சரக்கு வாங்கலாம் என்று பார்க்க வருகிறார். அவருக்காகத்தான் இந்தப் பொருட்காட்சி. அவர் கண்ணில் பட்டால் பாய் நெய்கிறவர்களுக்கும் குயவர்களுக்கும் கொல்லர்களுக்கும் பல வருஷத்துக்கு வேலை. படாவிட்டால் ஊரை விட்டே போகவேண்டியதுதான். அவரோ பொறுமை இல்லாதவர். முதல் இரண்டு வரிசை பார்ப்பார், கொட்டாவி விடுவார், கிளம்பிவிடுவார்.

பிரதானி இடம் பிரித்த அழகைக் கேளுங்கள். கிழக்கே, விருந்தினர் வழக்கமாக உள்ளே வரும் அரண்மனைப் பக்கத்துப் பாதி மைதானம் ‘பிரதானியார் பெருமை மாமண்டபம்’. அடுத்த கால்பங்கு அவருடைய மூன்று மைத்துனர்களுக்கு. அவர்கள் வாழ்நாளில் செய்த ஒரே காரியம், அக்காவைப் பிரதானிக்குக் கட்டிக் கொடுத்தது. மிச்சமிருந்த மேற்குக் கோடியில், யானைக்கொட்டில் சுவரோரம், நாற்பது தொழிலாளர் குடும்பங்கள். ஒருவர் பாயை விரித்தால் பக்கத்தில் இருப்பவர் பானையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாய் நெய்கிற வள்ளியாத்தாள் நேரே சபைக்கே வந்துவிட்டாள்.

“மகாராஜா, எங்க கடைக்கு முன்னால யானை லத்திதான் மலையாட்டம் நிக்குது. வர்ற ராஜா எங்க பாயைப் பாப்பாரா, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஓடுவாரா?”

அகோரமூர்த்தி உதட்டைச் சுழித்தார். “தகுதி பார்த்துத்தான் இடம், அம்மா. கோரைப்புல்லுக்கு எதற்கு முன்வரிசை?”

மகாராஜா அப்போதுதான் வரைபடத்தை முதன்முதலாகப் பார்த்தார். முகம் கறுத்தது. ஆனால் முத்திரை வைத்தாயிற்றே! வழக்கம்போல் விகடகவி நக்கண்ணன் பக்கம் திரும்பினார். மற்றவர்கள் மென்று விழுங்குவதை வாய்விட்டுச் சொல்கிற மனிதர் சபையில் அவர் ஒருவர்தான்.

“நக்கண்ணரே, வரைபடத்தில் ஒரு கோடு மாறக்கூடாது. யாருடைய இடமும் ஒரு விரற்கடை நகரக்கூடாது. ஆனால் இந்த நாற்பது குடும்பமும் முன்வரிசையில் இருக்கவேண்டும். மூன்று நாள்தான் இருக்கிறது. முடியுமா?”

பிரதானி தொந்தி குலுங்கச் சிரித்தார்.

நக்கண்ணன் ஓலையை வாங்கி நிதானமாகப் பார்த்தார். “பிரதானியாரே, இதில் இருப்பது எதையும் நான் தொடக்கூடாது. அப்படித்தானே?”

“ஒரு புள்ளியைத் தொட்டாலும் ராஜத்துரோகம்!”

“இதில் இல்லாததை?”

“இல்லாததை வைத்துக்கொண்டு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளும். உமக்கு ஏற்ற வேலைதான்.”

“மகாராஜா, சபையோரே, கேட்டுக்கொண்டீர்களா?” என்று சொல்லிவிட்டு நக்கண்ணன் கிளம்பிவிட்டார்.

மூன்றாம் நாள் காலை கடம்ப மன்னரின் பல்லக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கமாக வந்தது. வரைபடத்துக்கு வெளியே இருந்த யானைக்கொட்டில் சுவர் இரவோடு இரவாக இடிக்கப்பட்டு, அங்கே பெரிய தோரணவாசல் நின்றது. லத்தி மேடு போன இடம் தெரியவில்லை. குளிப்பாட்டிப் பொட்டிட்ட யானைகள் இரண்டு பக்கமும் தும்பிக்கையைத் தூக்கி வணங்கின. கிழக்கே வழியை அடைத்து மூங்கில் வேலி.

மகாராஜாவோடு உள்ளே நுழைந்த கடம்ப மன்னர் கண்ணில் முதலில் பட்டது வள்ளியாத்தாளின் பாய்தான். குனிந்து தடவிப் பார்த்தார். “பட்டு மாதிரி இருக்கிறதே!”

“பட்டுல படுத்தா முதுகு வேர்க்கும் ராஜா. இதுல படுத்துப் பாருங்க.”

மன்னர் நிஜமாகவே படுத்துவிட்டார். இரண்டாயிரம் பாய்க்குச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தார். பிறகு பானை, பூட்டு, அரிவாள் என்று ஒவ்வொரு கடையாக நின்று நின்று போனார்.

கிழக்குக் கோடியில் மாலையோடு காத்திருந்த அகோரமூர்த்திக்கு விஷயம் எட்டியது. மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“மகாராஜா, சதி! என்னைக் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டான்!”

“யார் தள்ளினார்கள்?” என்றார் நக்கண்ணன். “நீங்கள் வரைந்த இடத்தில்தான் நீங்கள் இருக்கிறீர்கள். வரைபடத்தில் வாசல் என்று ஒன்றை வரையவே இல்லையே! இல்லாததை என் விருப்பம்போல் செய்துகொள்ளச் சொன்னதும் நீங்கள்தான்.”

பிரதானி அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. “இந்தச் சில்லறைக் கடைகளை விடுங்கள், என் மாமண்டபத்தைப் பாருங்கள்!” என்று கடம்ப மன்னரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார்.

மண்டபம் பிரம்மாண்டமாகத்தான் இருந்தது. தூணுக்குத் தூண் பட்டுத்துணி. நடுவில் ஆள் உயரத்துக்குப் பிரதானியின் படம். வேறு ஒன்றும் இல்லை. கடம்ப மன்னர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். அவருடைய காலடிச் சத்தம்தான் எதிரொலித்தது.

“இங்கே என்ன காட்சிக்கு வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்டார்.

பிரதானி தம் படத்தைக் காட்டினார். மகாராஜா அவமானத்தில் தரையைப் பார்த்தார்.

நக்கண்ணன் கைகட்டி முன்னால் வந்தார்.

“வெற்றிடம், மன்னர் பெருமானே. இத்தனை நாளும் பிரதானியார் இதைத் தம் தலைக்குள்தான் வைத்திருந்தார். தாங்கள் பார்க்கவேண்டும் என்பதற்காக வெளியே எடுத்து வைத்திருக்கிறார்.”