மிளகாய் நெடியில் ஏழு நாள்

முன்னொரு காலத்தில் ஒரு விசித்திரமான நாடு இருந்தது. அங்கே போருக்கும் நல்ல நேரம் பார்ப்பார்கள். சங்கு ஊதி, சேனாபதியின் பட்டப்பெயர்களைக் கட்டியங்காரன் ஒன்று விடாமல் சொல்லி முடித்த பிறகுதான் முதல் அம்பு பறக்கும். சேனாபதி வில்லவராயருக்கோ நூற்றெட்டுப் பட்டங்கள்! பக்கத்து நாடுகளிலும் இதே வழக்கம் என்பதால் எதிரிகளும் அதுவரை பொறுமையாகக் கைகட்டி நிற்பார்கள்.

அந்த நாட்டுக்கு ஒருநாள் நட்பு நாட்டிலிருந்து முந்நூறு வீரர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களின் தலைவன் அலைவாணன் மன்னரை வணங்கினான்.

“அரசே, எங்கள் எல்லையில் புது மாதிரிப் பகைவர் வந்திருக்கிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் பீரங்கியால் சுடுகிறார்கள். புகையில் யார் எங்கே என்றே தெரிவதில்லை. அடுத்த மாதம் நாங்கள் அவர்களை எதிர்த்து நிற்க வேண்டும். எங்களுக்குப் புதுப் போரைக் கற்றுத் தாருங்கள்.”

வில்லவராயருக்குப் புதுப் போர் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. சபையின் ஓரத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த விகடகவி திருமலைக்கொழுந்து அவர் கண்ணில் பட்டார். மன்னருக்குப் பிரியமான அந்த ஆள்மேல் அவருக்கு வெகுநாளாகப் பொறாமை.

“பிரபு, எல்லாம் அறிந்த கொழுந்தே கற்றுத் தரட்டும். ஆனால் என் பயிற்சிக் களத்தில் அவர் கால் படக்கூடாது. ஆயுதசாலையிலிருந்து ஓர் ஈட்டியோ, ஒரு சிட்டிகை வெடிமருந்தோ எடுக்கக்கூடாது. எட்டாம் நாள் ஆற்று மணலில் என் படையோடு போட்டிப் போர். எதிர்ப்பக்கக் கொடியை முதலில் பிடுங்குபவருக்கு வெற்றி. தோற்றால், அன்று பொழுது சாய்வதற்குள் கொழுந்து குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போய்விட வேண்டும்.”

மன்னருக்கு இந்த விளையாட்டு பிடித்துவிட்டது. “அப்படியே ஆகட்டும். மணி அடித்ததும் போர் தொடங்கும்!”

“உத்தரவு, பிரபு” என்றார் கொழுந்து. சிரித்த முகத்தோடு வணங்கிவிட்டு வீட்டுக்கு விரைந்தார்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட மனைவி ஆவுடை, அடுப்பில் வற்றல் மிளகாய் வறுபடுவதையே மறந்துவிட்டாள்.

“ஏங்க, நாம ஊரை விட்டுப் போறதுகூடப் பெரிசில்ல. முந்நூறு உசிருங்க! ஒண்ணும் கத்துக்குடுக்காம அனுப்பிட்டா, அவங்க பொண்டாட்டிமாருக்கு யாரு பதில் சொல்றது?”

கொழுந்து பதில் சொல்ல வாயைத் திறந்தார். கருகிய மிளகாயின் நெடி குப்பென்று தொண்டையில் ஏறியது. எட்டு முறை தும்மினார். கண்ணில் நீர் கொட்ட, வாசல் எது, மனைவி எங்கே என்று தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டார்.

“ஆவுடை, பீரங்கி கெடச்சாச்சுடி!” என்று கத்தினார்.

மறுநாள் அரண்மனை மடைப்பள்ளியில் பயிற்சி தொடங்கியது. கதவுகளைச் சாத்தி, கோட்டை அடுப்புகளில் மூட்டை மூட்டையாக மிளகாயைப் போட்டார்கள். காது கிழிய அண்டாக்களை அடித்தார்கள். அந்த அமளிக்கு நடுவே ஆவுடையின் குரல்தான் கட்டளை.

“மூக்குல ஈரத்துணியைக் கட்டுங்க தம்பி! நின்னா செத்தீங்க, தவழுங்க! புகை மேலதான் போவும். முன்னால இருக்கிறவன் காலை விட்டுறாதீங்க!”

“அக்கா, என் முன்னால ஆளே இல்ல, பூசணிக்காதான் இருக்கு!” என்று அலறினான் ஒருவன்.

“அப்ப அதையும் கூட்டிட்டு வா!”

சேனாபதியின் ஒற்றர்கள் சன்னல் வழியாகப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஆனால் ஏழாம் நாள், அதே புகையில், அதே இரைச்சலில், முந்நூறு பேரும் தவழ்ந்தபடியே ஒரு சொட்டுச் சிந்தாமல் ரசம் பரிமாறினார்கள்.

எட்டாம் நாள். ஆற்று மணலில் மணி அடித்தது. வில்லவராயர் யானைமேல் நிமிர்ந்து உட்கார, கட்டியங்காரன் தொடங்கினான். எதிர்ப்புறத்தில் நட்பு வீரர்கள் காற்று வரும் பக்கமாகத் தீச்சட்டிகளை வரிசையாக வைத்து மிளகாயைக் கொட்டினார்கள்.

“நாற்பத்திரண்டாவது பட்டம்! புகைக்கும் கலங்காப் புலியே… அச்!”

பின்னால் நின்ற படை முழுவதும் தும்மியது. யானை ஒரே முடிவாகத் திரும்பி, சேனாபதியோடு ஆற்றில் இறங்கிவிட்டது. புகைக்கு அடியில் முந்நூறு பேர் தவழ்ந்து போய்க் கொடியோடு திரும்பினார்கள். நிறுத்தச் சொல்ல ஆளில்லாததால் கட்டியங்காரன் நாற்பத்து மூன்றாவது பட்டத்தைத் தும்மிக்கொண்டிருந்தான்.

“அநியாயம்! என் பட்டங்களே முடியவில்லை. போர் இன்னும் தொடங்கவில்லை!” என்று ஈரம் சொட்டக் கரையேறினார் வில்லவராயர்.

“மணி அடித்ததும் போர் என்றது மன்னர் வாக்கு. களத்தை மிதிக்கவில்லை, ஆயுதசாலையைத் தொடவில்லை. இது வெறும் மளிகைச் சாமான்” என்றார் கொழுந்து. பிறகு குரலைத் தாழ்த்தினார். “பிரபு, அலைவாணனின் பகைவர்கள் நூற்றெட்டு வரை காத்திருக்க மாட்டார்கள்.”

மன்னரின் முகம் சிவந்தது. மன்னர் பெரிதாக ஒரு தும்மல் போட்டார். பிறகு மகுடம் நழுவும்படி சிரித்தார்.

“கொழுந்து எங்கும் போக வேண்டாம். சேனாபதியாரே, நாளை முதல் நீர் மடைப்பள்ளிக்குப் போம்!”

சொல்லிக்கொண்டே முத்து மாலையைக் கழற்றினார். கொழுந்து தலையைக் குனிந்தார். மாலை அவரைத் தாண்டிப் போனது.

“பயிற்சி கொடுத்தவர் இவரல்லவா!” என்று அதைப் பின்னால் நின்ற ஆவுடையின் கையில் கொடுத்தார் மன்னர்.

“ஏங்க, நிமிருங்க. எல்லாரும் பாக்குறாங்க” என்றாள் அவள்.

“உமக்கு என்ன வேண்டும், கொழுந்து?”

“ஏழு நாளாக என் வீட்டில் அடுப்பு எரியவில்லை, பிரபு. ஒரு வேளைச் சோறு.”

மன்னர் மறுபடியும் சிரித்தார். அன்றைய விருந்தில் தம் பக்கத்து இலையிலேயே கொழுந்தை உட்கார வைத்து, தம் கையாலேயே நெய் ஊற்றினார்.