பூமிக்கு நோகாத துணி

முன்னொரு காலத்தில், கட்டிய துணியை மறுபடி கட்டாத ஒரே மனிதர் என்று உலகமே போற்றிய ராஜா ஒருவர் இருந்தார். உலகம் என்றால் அவருடைய சபை. "சூரியன் தினமும் புதிதாக உதிக்கிறது. நாமும் தினமும் புதிதாக உடுத்துகிறோம். இந்த ஒழுங்கு எங்கள் இருவருக்கு மட்டுமே உண்டு" என்பார். சொல்லும்போது அவர் சிரிக்கமாட்டார். அதனால் சபையும் சிரிக்காது.

காலையில் உடுப்பு மந்திரி ஆபத்சகாயம் வெள்ளித் தட்டில் துணி கொண்டுவருவார். புதுத்துணிக்கு வழக்கப்படி ஒரு மூலையில் மஞ்சள் தடவியிருக்கும். ராஜா மஞ்சளைப் பார்ப்பார், திருப்தியாக உடுத்திக்கொள்வார். மாலையில் கழற்றிப் போடுவது எங்கே போகிறது என்று கேட்கமாட்டார். ராஜாக்கள் கேட்கிற கேள்வி இல்லை அது.

அவரைப் பார்த்து ஊரில் வசதியுள்ளவர்களும் தினம் ஒரு துணிக்கு மாறினார்கள். மாறாதவர் அரண்மனை விகடகவி பூவராகன் ஒருவர்தான்.

"பூவராகரே, இந்த ஒட்டுப்போட்ட வேட்டி உம்மோடு கூடப் பிறந்ததா?" என்று ராஜா கேட்பார்.

"இல்லை பிரபு, எனக்கு மூத்தது. அதனால்தான் மரியாதையாக வைத்திருக்கிறேன்" என்பார் பூவராகன். ராஜா சிரிப்பார். அந்தச் சிரிப்பு ஆபத்சகாயத்துக்கு வயிற்றில் எரியும்.

ஒருநாள் ஆற்றில் குளிக்க இறங்கிய ராஜா, கரையேறியபோது இடுப்புவரை நீலமாக இருந்தார். அரப்பு தேய்த்தும் போகவில்லை. "மேலே சாயக்காரத் தெரு இருக்கிறது, பிரபு. ஊருக்கே தினம் புதுத்துணி வேண்டியிருக்கிறதே" என்றார்கள். ராஜா ஒரு முடிவுக்கு வந்தார். "இனி பூமிக்கு நோகாத துணியைத்தான் உடுத்துவோம்."

ஆபத்சகாயம் எழுந்து கைகூப்பினார். "அற்புதம் பிரபு. அந்தத் துணிக்காக இந்த வருஷம் ஒரு செடியும் பறிபடக்கூடாது, ஒரு புழுவும் சாகக்கூடாது, ஆற்றில் ஒரு சொட்டுச் சாயமும் கலக்கக்கூடாது. ஆனால் தாங்கள் உடுத்தத் தக்கதாக இருக்க வேண்டும். வாங்கிவர நம் விகடகவியைவிடக் கெட்டிக்காரர் யார்? பௌர்ணமிக்குள் கொண்டுவராவிட்டால் ஊரைவிட்டுப் போய்விடட்டும். அவருக்கென்ன, மூட்டை கட்ட ஒரு வேட்டிதானே இருக்கிறது."

ராஜாவுக்கு அதுவும் நியாயமாகப் பட்டது.

பூவராகன் வீட்டுக்கு வந்து, ஊரைவிட்டே போகவேண்டி வரலாம் என்று மனைவி சௌந்தரவல்லியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"சரி, அதுக்கு முன்னாடி துணிக்கடைக்குப் போகணுமில்ல? நானும் வர்றேன்" என்றாள் அவள்.

ராஜாவின் நீலக்கால் சேதி அதற்குள் கடைவீதிக்குப் போய்விட்டிருந்தது. எல்லாக் கடைப் பலகைக்கும் பச்சை வர்ணம் அடித்திருந்தார்கள். வர்ணம் காயவில்லை.

"இந்தப் பருத்தியில ஒரு புழுவைக்கூடக் கொல்லலைங்க. பக்கத்து வயலுக்குப் போகச் சொல்லிட்டோம்" என்றார் முதல் கடைக்காரர்.

"பக்கத்து வயல்காரர் என்ன பண்ணினார்?" என்று கேட்டார் பூவராகன்.

"அவரு துணி அடுத்த கடையில இருக்குங்க. விலை கொஞ்சம் கம்மி."

பட்டுக் கடைக்காரர், தம் கூட்டுப்புழுக்கள் தாமாகவே வெளியேறிவிடுவதாகச் சொன்னார். "வெளிய போய் என்ன ஆகும்?" என்று கேட்டதற்கு, "அது அதுங்களோட சொந்த விஷயம், நாங்க தலையிடறதில்ல" என்றார்.

சாயத்துணிக் கடைக்காரர் அடித்துச் சொன்னார். "எல்லாம் செடிச் சாயங்க. ரசம் மாதிரி குடிக்கலாம்."

"அப்ப ஆறு ஏன் நீலமா ஓடுது?"

"அதுவும் செடி நீலந்தாங்க. சுத்தமான அவுரி."

பூவராகனுக்குக் கால் வலித்தது. இந்த ஊரில் பிறந்து, இந்த ஊர்ச் சோற்றைத் தின்று, ஒரு துணிக்காக வெளியேறுவதா என்று நினைத்தபடி ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். சௌந்தரவல்லி மட்டும் சளைக்காமல் புடவைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் இருக்கட்டும். அரண்மனைக்குத் தர்றீங்களே, அந்த ரகத்துல ஒண்ணு காட்டுங்க."

"அரண்மனையாம்மா? மூணு வருஷமாச்சு நம்மகிட்ட எடுத்து. எதிர்க்கடைல எடுக்கறாங்கபோல."

எதிர்க்கடைக்காரர் இந்தக் கடையைக் கை காட்டினார். பட்டுக்கடைக்காரர் இரண்டு கடையையும் காட்டினார். பூவராகன் தெருவின் கடைசிவரை நடந்து கேட்டார். ஊருக்குள் துணி வருவது இந்தத் தெரு வழியாகத்தான். அரண்மனைக்கு ஒரு முழம்கூட யாரும் விற்கவில்லை.

"ஏங்க, அப்ப ராஜா தினம் எதைக் கட்டறாரு?" என்றாள் சௌந்தரவல்லி.

பௌர்ணமியன்று பூவராகன் வெறுங்கையோடு சபைக்குப் போனார். ஆபத்சகாயத்தின் முகம் மலர்ந்தது.

"துணி எங்கே?" என்றார் ராஜா.

"தங்கள் தோளில் இருக்கிறது பிரபு. அந்த அங்கவஸ்திரத்தைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும்."

வெள்ளைப் பட்டு அங்கவஸ்திரத்தை இரண்டு சேவகர்கள் விரித்துப் பிடித்தார்கள். ஒரு மூலையில் மஞ்சள் இருந்தது. மற்ற மூன்று மூலைகளிலும் இருந்தது.

"மங்களம் பெருகட்டும் என்று நான்தான் நாலு மூலையிலும் வைத்தேன்" என்றார் ஆபத்சகாயம் வேகமாக.

"நல்ல மனசு. ஆனால் இந்த மூலை வெளுத்துச் சந்தன நிறமாகிவிட்டது. அடுத்தது அதைவிடக் கொஞ்சம் அழுத்தம். மூன்றாவது இன்னும் அழுத்தம். நாலாவதைத் தொட்டுப் பாருங்கள் பிரபு."

ராஜா தொட்டார். விரலில் மஞ்சள் ஒட்டியது.

"துவைத்துத் துவைத்து நாலு தடவை புதிதாக்கியிருக்கிறார். துணிக்கென்று கஜானாவிலிருந்து வாங்கிய பணம் மூன்று வருஷமாகக் கடைவீதிக்கு வரவே இல்லை, அவர் வீட்டுக்குப் போயிருக்கிறது. மஞ்சள் இல்லாத துணியை ராஜாவுக்குக் கொடுக்க மட்டும் மனசு வரவில்லை, பக்திமான். ஐந்தாவது தடவை எங்கே வைப்பது என்று அவருக்கே கவலையாக இருந்திருக்கும்."

ராஜாவின் முகம் சிவந்தது. பூவராகன் அவசரமில்லாமல் தொடர்ந்தார்.

"அவர் சொன்ன நிபந்தனைகளைப் பாருங்கள். இதற்காக இந்த வருஷம் செடி பறிபடவில்லை, புழு சாகவில்லை, சாயம் கலக்கவில்லை. ராஜா உடுத்தத் தக்கதுதான், உடுத்தியிருக்கிறீர்கள். இந்த நாட்டில் மூன்று வருஷமாகப் பூமிக்கு நோகாமல் துணி கட்டிய பெரிய மனிதர் தாங்கள் ஒருவர்தான். தங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

ராஜா மஞ்சள் விரலைப் பார்த்தார். நீலக்காலைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். ஆபத்சகாயம் சுருட்டியதை எல்லாம் கக்க வேண்டும், அதைக்கொண்டு ஆற்றைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று உத்தரவானது. பூவராகனுக்கு ஒரு பை பொன் கிடைத்தது. சௌந்தரவல்லிக்கு அரக்கில் ஒரு புடவை.

மறுநாளிலிருந்து நிஜமாகவே புதுத்துணி வரவேண்டும் என்று ராஜா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வந்தது. கஞ்சி மொடமொடக்கிற அசல் புது வேட்டி. கட்டிக்கொண்டு நாலு அடி நடந்தார். இடுப்பில் அறுத்தது. உட்கார்ந்தால் குத்தியது. மூன்று வருஷமாகப் புதுத்துணி எப்படியிருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

கதவைச் சாத்திவிட்டு, சேவகனை அருகில் கூப்பிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்: "முந்தாநாள் கட்டினோமே, அது காய்ந்துவிட்டதா?"

காய்ந்திருந்தது. ராஜா அதைக் கட்டிக்கொண்டு சபைக்குப் போனார்.