சூசை தின்ற விதை

தீர்ப்பு சொல்ல அவசரப்படாமல் கேளுங்கள்.

சித்தனேந்தலில் மூன்று வருடங்களாக மழை பொய்த்திருந்தது. இருளாயி மட்டும் தன் நிலத்தை உழாமல், அறுத்த தாளை எரிக்காமல், சருகால் மூடி, ஆட்டுக்கிடை போட்டு வைத்திருந்தாள். "வயலா, குப்பைமேடா?" என்று சிரித்தார்கள். அந்த வருடம் ஊரில் விளைந்தது அவள் வயல் ஒன்றுதான். ஏழு மூட்டை குதிரைவாலி.

ஐந்து மூட்டையை ஊர்க் கஞ்சிக்குக் கொடுத்தாள். மீதி இரண்டையும் விதைக்கென்று பூட்டினாள். ஊரின் நாற்பது வயலுக்கும் வயலுக்கு இரண்டு படி.

அரசாங்கம் தருவதாகச் சொன்ன நிவாரண அரிசி வரவில்லை. இருபதாம் நாள் கஞ்சி தீர்ந்தது. ஊர்த்தலைவர் மாரிக்கண்ணு வந்தார்.

"பிள்ளைங்க சுருண்டு கிடக்குதுங்க. பூட்டைத் திற."

"என் நாலு ஆட்டையும் அறுத்துக் கொடுங்க தலைவரே. விதையில கை வச்சா அடுத்த வருசமும் தட்டேந்தணும். திறக்க மாட்டேன்."

ஆடுகளை அறுத்துக் கொடுத்தார்கள். ஒரு வாரம் ஓடியது. பிறகு அதுவும் இல்லை.

அவளுடைய வயலுக்கு மேல்வயல்காரன் சூசை. அவன் மனைவி பிள்ளை பெற்று ஒன்பது நாள்தான், பால் வற்றிவிட்டது. பட்டப்பகலில், ஊர் பார்க்க, கடப்பாரையால் பூட்டை உடைத்து இரண்டு படி அளந்தான். இருளாயி அரிவாளை ஓங்கினாள்.

"இது எம் பங்கு, அக்கா. எம் வயலு தரிசாக் கிடக்கட்டும். எம் பிள்ளை பட்டினி கிடக்காது."

அரிவாள் தாழ்ந்தது.

மறுநாள் நிவாரண லாரி வந்தது. அடுத்த வாரம் மழையும் வந்தது. முப்பத்தொன்பது வயலில் இருளாயி சொன்னபடி உழாமல் விதைத்து, சருகால் மூடினார்கள். சூசையின் வயல் வெறுமனே கிடந்தது. தன் பங்கில் விதைக்காமல் மிச்சம் வைத்திருந்த ஒரு படியை எடுத்துக்கொண்டு இருளாயி அதில் இறங்கினாள். மாரிக்கண்ணு மறித்தார்.

"அவன் சொன்ன சொல்லு நிக்கட்டும். பூட்டை உடைச்சவனுக்கு விதை போட்டா, நாளைக்கு ஆளாளுக்கு உடைப்பான்."

"வழி விடுங்க. மூடாத மண்ணு மழையில கரைஞ்சு ஓடையில போயிரும். மண்ணு என்ன தப்பு செஞ்சுது?"

அவரைத் தாண்டிப் போய் விதைத்தாள்.

பூட்டிய இருளாயி, உடைத்த சூசை, மறித்த மாரிக்கண்ணு. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: பூட்டியதும் சரி, உடைத்ததும் சரி. அவள் காத்தது ஊரின் அடுத்த வருடத்தை. அவன் எடுத்தது தன் பங்கை மட்டும், அதற்கு விலையாகத் தன் வயலையே வைத்தான். மறித்தவர்தான் தவறினார். ஆளைத் தண்டிப்பதாக நினைத்து மண்ணைத் தண்டிக்கப் பார்த்தார். ஒரு வயலின் மண் போனால் அதில் விளைய வேண்டிய சோறு ஊருக்கே இல்லாமல் போகும். பஞ்சத்தை எதிர்த்து நிற்கிறவர்கள் ஒரு காணி மண்ணையும் அதற்கு விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.