தொட்டில் லேஸுக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

தேனூத்து ராஜா கனகசபைத் துரைக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும். அப்புறம் யாராவது ஊரைவிட்டுப் போக வேண்டியிருக்கும். அன்றைக்கு மூக்கு செக்கச்செவேலென்று இருந்தது. குட்டி இளவரசனின் தொட்டிலுக்கு வந்த ஒரு முழ லேஸுக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடினார்கள்!

ஒருத்தி ஞானப்பூ. இரண்டு ஊசியும் நூலுமாக மூன்று மாதம் குனிந்து பின்னியவள். இன்னொருவர் துணிக்கிடங்கு அதிகாரி திருமேனிநாதர். அவள் லேஸை ஒப்படைத்தது அவரிடம்தான். பின்னியவர் கேட்டதைத் தருவேன் என்று ராஜா சொன்னது காதில் விழுந்ததோ இல்லையோ, மனிதர் "நானே பின்னினேன்" என்று கொண்டுபோய் நீட்டிவிட்டார்.

"பொய் சொன்ன ஆள் பொழுது சாயறதுக்குள்ள எல்லை தாண்டணும்!" என்றார் ராஜா.

ஞானப்பூ பின்னியதைப் பார்த்த சாட்சி வீட்டுப் பூனை மட்டும்தான்.

"ரெண்டு பேரும் இங்கேயே பின்னிக் காட்டுங்க" என்றார் ராஜா.

திருமேனிநாதர் தொந்தியைத் தடவிக்கொண்டார். "ஆயுசுக்கும் ஒரே லேஸ்தான் பின்னுறதுன்னு விரதம், மகாராஜா. முடிஞ்சுபோச்சு. இந்த அம்மாவுக்குப் பின்னத் தெரியும்கிறதுக்காக இதைப் பின்னினது அவங்கன்னு ஆயிடுமா?"

ராஜாவின் மூக்கு இன்னும் சிவந்தது. அப்போது சபை ஆலோசகர் நல்லபெருமாள் எழுந்தார். அவர் எழுந்தாலே சபையில் பாதிப் பேருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"லேஸ்ல சந்தனக் கறை இருக்கு, மகாராஜா. முதல்ல அலசிடுவோம்."

யாரும் வாய் திறக்குமுன் லேஸ் தண்ணீர் அண்டாவுக்குள் போய்விட்டது. முக்கினார், பிழிந்தார், உள்ளங்கையை விரித்தார். பூவும் இல்லை, கொடியும் இல்லை. நனைந்த அப்பளம் மாதிரி ஒரு சுருட்டல்!

"அடடா, போச்சே!" என்று தலையில் கை வைத்தார் நல்லபெருமாள்.

ராஜா சிம்மாசனத்திலிருந்து துள்ளி எழுந்தார். "ஒரு தடவை முக்கினதுக்கே தாங்காத கந்தலா என் பிள்ளைக்கு? இதைப் பின்னினது யாரு?"

"சத்தியமா நான் இல்லை!" என்று அலறினார் திருமேனிநாதர். "இவங்கதான்! ஊசியும் கையுமா இவங்க பின்னினதை என் கண்ணால பார்த்தேன்!"

ஞானப்பூவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்னுதுதான் மகராசா. ஒரு தலையணையும் கொஞ்சம் குண்டூசியும் குடுக்கச் சொல்லுங்க."

ஈர லேஸைத் தலையணைமேல் வைத்தாள். ஓரத்தை இழுத்து ஒரு குண்டூசி. எதிர் ஓரத்தை இழுத்து இன்னொன்று. இழுக்க இழுக்கக் கொடி நீண்டது, இலை விரிந்தது, பூக்கள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன.

"ஈரம் பட்டா சுருண்டுக்கும். இப்படி இழுத்துக் குத்திக் காயவச்சாத்தான் லேஸ். ஒவ்வொரு துவைப்புக்கும் இதே வேலைதான். பின்னுறவங்க எல்லாருக்கும் தெரியும்."

ராஜாவின் மூக்கு வெளுத்தது. "உனக்கு என்னம்மா வேணும்?"

"நல்ல வெளிச்சம் வர்ற ஒரு வீடு, மகராசா."

"தந்தேன்!"

திருமேனிநாதர் மெதுவாகத் தலையணைப் பக்கம் நகர்ந்தார். எட்டிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"மகாராஜா, இப்போ நிதானமாப் பார்த்தா... என்னுது மாதிரிதான் தெரியுது."

ராஜா சிரித்த சிரிப்பில் உள்ளே தொட்டிலில் குழந்தை விழித்துக்கொண்டது. நல்லபெருமாள் மட்டும் சிரிக்காமல் அண்டாவை இழுத்துத் திருமேனிநாதர் முன்னால் வைத்தார்.

"அப்படியா அண்ணாச்சி? எதுக்கும் இன்னொரு தடவை முக்கிக் கேட்டுருவோமே!"